செவ்வாய் அந்தோணியாருக்கு, புதன் சூசையப்பருக்கு

சோழவந்தானுக்குப் பக்கத்தில் உள்ள இந்த வெற்றிலைக் கொடிக்கால் கிராமத்துக்கு நான் வந்து சேர்ந்த புதிதில் எனக்குக் கண் நோய் வந்தது. இரண்டு கண்ணும் சிவந்து, பீளை கட்டி, காலையில் இமையைப் பிரிக்கவே வெந்நீர் தேவைப்பட்டது. ரங்கூனில் இப்படி ஏதாவது வந்தால் என்ன செய்வேனோ அதையே இங்கும் செய்தேன். கோவிலுக்குப் போய் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு முழங்காலில் நின்றேன். கோவிலைக் கூட்டிக்கொண்டிருந்த பெண் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "ஏத்தா, கண்ணு நோவுக்கா இவருகிட்ட வந்த?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் என் மெழுகுவர்த்தியைப் பிடுங்கி ஊதி அணைத்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தட்டில் இரண்டு கண்களை ஏந்தி நிற்கும் லூசியம்மாள் படத்துக்கு முன்னால் நிறுத்தினாள். "கண்ணு இந்தம்மாவோட சோலி. அந்தோணியாருக்கு இருக்கிற சோலி பத்தாதா? காணாமப் போனது, களவு போனது, பேய் புடிச்சதுன்னு அந்த மனுசன் பொழுதன்னைக்கும் அலைஞ்சுக்கிட்டிருக்காரு" என்றாள். கண் சீக்கிரமே தெளிந்தது. லூசியம்மாள் தெளியவைத்தாளா, என் மாமியாரான அத்தை விட்ட விளக்கெண்ணெய் தெளியவைத்ததா என்பது எனக்குத் தெரியாது.

ரங்கூனிலிருந்து ஓடிவந்து இன்று எந்தெந்த ஊரிலோ யார் யார் வீட்டிலோ சிதறிக் கிடக்கும் நம்மவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு நம் அந்தோணியார் கோவில் நினைவிருக்கும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உள்ளே கால் வைக்க இடமிருக்காது. தமிழர், கோவாக்காரர், ஆங்கிலோ இந்தியர், கூடை நிறைய ஆரஞ்சுப் பழம் சுமந்து வரும் சீனர், கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசித் தலையில் பூச்சூடிய பர்மியப் பெண்கள், எல்லாரும் அவரவர் பாஷையில் அவரவர் தொல்லையைச் சொல்வார்கள். வியாபாரம், வழக்கு, கல்யாணம், பிள்ளைப் பேறு, பரீட்சை, பல் வலி, எதைக் கேட்டாலும் அவர் முகம் சுளித்ததில்லை. எங்கள் பக்கத்து வீட்டு மா டின் புத்த மதத்துக்காரி. அவள் குழந்தைக்குச் சளி பிடித்தால்கூட அந்தோணியாருக்கு ஒரு கொத்துப் பூ வாங்கிக்கொண்டு போவாள். ஆகவே ஒருவரே போதும் என்றுதான் நானும் வளர்ந்தேன். மற்றவர்களெல்லாம் அந்தக் கோவிலில் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள்.

இங்கே யாரும் சும்மா நிற்பதில்லை. அடேயப்பா, மதுரையில் கலெக்டர் கச்சேரியில்கூட இப்படி வேலை பிரித்திருக்க மாட்டார்கள். பாம்பு வந்தால் வனத்துச் சின்னப்பர். பிள்ளை இல்லாதவளுக்கு அன்னம்மாள். மாடு தொலைந்தால் அந்தோணியார், அதே மாட்டுக்குக் காணை நோய் வந்தால் வேறொருவர். பீடத்தின் நடுவில் நிற்பவர் செபஸ்தியார். அவர் கொள்ளை நோய்க்கு உரியவர் என்று எனக்குக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இங்கே கேட்டால் வெற்றிலைக்கு என்கிறார்கள். காரணம் கேட்டேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவர மரத்துல கட்டி வச்சிருக்காகள்ல? கொடியவும் மரத்துலதான கட்டுறோம். கட்டுனா எப்பிடி வலிக்கும்னு அவருக்குத் தெரியாதா?" என்றாள். இங்கே அகத்தி மரத்தை நட்டு அதில் வெற்றிலைக் கொடியை நாரால் கட்டி ஏற்றுவார்கள். கட்டும்போது செபஸ்தியாரே என்று மெல்லச் சொல்லிக்கொண்டுதான் முடிச்சுப் போடுவார்கள், இறுக்கிவிடக் கூடாது என்பதற்காக. கொடிக்காலுக்குள் செருப்போடு போகக் கூடாது, தூரமான பெண் நுழையக் கூடாது. வேதம் மாறியும் அந்தக் கட்டுப்பாடு மாறவில்லை. முதல் மாதம் எனக்கு இதெல்லாம் சிரிப்பாக இருந்தது. பிறகுதான் பர்மியர்களின் நினைவு வந்தது. அவர்கள் புத்தரைக் கும்பிட்டாலும் அன்றாடத் தொல்லைக்கு நத் என்ற தேவதைகளைத்தான் தேடிப் போவார்கள். வீட்டுக்கு ஒரு நத், ஆற்றுக்கு ஒரு நத், ஆலமரத்துக்கு ஒரு நத். மா டின் வீட்டு மூலையில் வீட்டு நத்துக்காகச் சிவப்புத் துணி கட்டிய தேங்காய் எப்போதும் தொங்கும். அங்கே அவர்களைப் பார்த்துச் சிரித்தேன், இங்கே நம்மவர்களைப் பார்த்துச் சிரித்தேன், இரண்டு இடத்திலும் என்னை யாரும் சட்டை செய்யவில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஒரு காரியத்தை ஒருவரிடம்தான் சொல்லலாம். இருவரிடம் சொன்னால் இருவருமே அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்களாம். இந்த விதியால்தான் எங்கள் வீட்டில் சண்டை வந்தது. அந்தச் சண்டையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், வாய் நீளம், எங்கேயோ போய்விட்டேன்.

என் வீட்டுக்காரர் சவரிமுத்து இந்த ஊர்க்காரர். மீசை முளைக்கிற வயதில் கப்பலேறி ரங்கூன் வந்து, அரிசி மில்லில் பிட்டர் ஆனவர். நான் அங்கேயே பிறந்தவள். என் அப்பாவுக்கும் அதே மில்லில்தான் வேலை. அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போனபின் எனக்கு அவர்தான் எல்லாம். குழந்தை இல்லை. ஜப்பான்காரன் குண்டு போட்ட மார்கழியில் நகரமே காலியானது. கப்பலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான் இடம் என்றார்கள். துறைமுகத்தில் என் கையில் ஒரு டிரங்குப் பெட்டியைக் கொடுத்து, "நீ மொதல்ல போ, பிலோமி. அம்மா இருக்கு. நான் பின்னாலயே நடந்தாவது வந்துர்றேன்" என்றார். நடந்து என்றதும் நான் சிரித்தேன். பர்மாவிலிருந்து மதுரைக்கு யாராவது நடப்பார்களா? பிறகு லட்சம் பேர் நடந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும், உங்களில் பலர் நடந்தவர்கள்தானே. சோழவந்தான் ஸ்டேஷனில் இறங்கி மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தபோது வாசலில் நின்ற அத்தை என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் வண்டியைப் பார்த்தாள். வண்டி காலியாகத் திரும்பிப் போகும் வரையில் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம்தான், "வா, தாயி. சாப்புட்டியா?" என்றாள்.

அந்த வருஷம் முழுவதும் நானும் அத்தையும் செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியாரிடம் போனோம். காணாமல் போனது ஆள் என்றாலும் அவர்தானே. என் வீட்டுக்காரரைத் தேடிக் கொடுத்தால் ஊருக்கே அசனம் போடுகிறேன் என்று நான் நேர்ந்துகொண்டேன். அசனம் என்றால் கோவில் வாசலில் பெரிய அண்டாவில் சோறு வடித்து வந்தவர்க்கெல்லாம் இலை போடுவது. அத்தை எனக்கு அகத்தியில் கொடி கட்டவும், வெற்றிலையைக் கவுளி கவுளியாக அடுக்கவும், வாழைச் சருகு வைத்துக் கூடை கட்டவும் கற்றுக் கொடுத்தாள். நான் லோன்ஜி கட்டினால், "இது என்ன, ஆம்பளக் கைலியக் கட்டிக்கிட்டு" என்பாள். ஙப்பி என்ற மீன் விழுது வேண்டும் என்று நாக்கு தவித்தபோது வைகை மீனில் உப்புப் போட்டு நானே ஊறவைத்தேன். அத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு பானையோடு கொண்டுபோய் வாய்க்காலில் கொட்டிவிட்டாள். ஆனாலும் அவளுக்கு என்மேல் பிரியம்தான். அவளுடைய மகனைப் பற்றிப் பேச இந்த ஊரில் என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? அவர் சிறு வயதில் எப்படி இருந்தார் என்று அவள் சொல்வாள், பெரியவரானதும் எப்படி இருந்தார் என்று நான் சொல்வேன். இரண்டு பேரும் பேசினால்தான் ஒரு முழு ஆள் வருவார்.

அடுத்த வருஷம் பக்கத்து ஊர்களுக்கு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். எலும்பும் தோலுமாக, காய்ச்சலோடு, ஆனாலும் வந்தார்கள். இவர் வரவில்லை. கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கூப்பிட்டபோது அத்தை அசையவில்லை. "நீ போய்ட்டு வா" என்றாள். மறுநாள் புதன்கிழமை அவள் மட்டும் கிளம்பினாள். புதன் சூசையப்பருடைய நாள். அவர் நல்ல மரணத்துக்கு உரியவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"அவரு செத்துட்டாருன்னு யாரு வந்து சொன்னா உங்ககிட்ட?" என்று கத்தினேன்.

அத்தை கத்தவில்லை. "சொல்றதுக்கு ஆளு வேணுமா? ஒம் புருசன் உசுரோட இருந்தா இம்புட்டு நாளு எட்டிப் பாக்காம இருப்பானா? அவன் ஏதாவது பாதையில கெடந்திருந்தா, பக்கத்துல ஆரு இருந்திருப்பா? சூசையப்பர் சாகையில மாதாவும் சேசுவும் கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் இருந்தாக. அவருக்குத்தான் அந்த அருமை தெரியும். நான் இன்னும் அவருகிட்டச் சொல்லாமயே இருந்தா எம் மகங்கிட்ட ஆரு போவா?"

"அப்ப ரெண்டு பேருகிட்டயும் சொல்லுவோம். நான் செவ்வாய் போறேன், நீங்க புதன் போங்க."

"ஆகாது. ஒரு வீட்டுல ஒரே ஆளப் பத்தி ரெண்டு விதமாச் சொன்னா அவுக எதத்தான் கேப்பாக? அந்தோணியாரு தேடிக்கிட்டிருக்காருன்னு சூசையப்பர் சும்மா இருந்துக்கிருவாரு. செத்தவன எதுக்குத் தேடன்னு அந்தோணியாரும் விட்டுருவாரு. எம் புள்ள அந்தரத்துல நிப்பான்."

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் புதன்கிழமை போனால் நான் விதவை. தாலியைக் கழற்றி, வெள்ளைச் சேலை கட்டி, அவருடைய வீட்டில் அவர் இல்லாமல், எனக்கு யாருமே இல்லாத ஊரில் நான் யாராக இருப்பேன்? செவ்வாய்க்கிழமை இருக்கும் வரையில்தான் நான் சவரிமுத்து பெண்டாட்டி. ஆகவே விடவே மாட்டேன் என்று சொன்னேன். அத்தையும் பிடிவாதக்காரி. அன்று முதல் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கூடையை இருவரும் கட்டி, கோவிலுக்கு மட்டும் தனித்தனியாகப் போனோம். ஊரே எங்களைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டது. இரண்டு சாமிக்கு நடுவில் அந்தப் பிள்ளையைப் போட்டு இழுக்கிறார்களே என்று எங்கள் காதுபடவே பேசினார்கள்.

மாதத்துக்கு ஒரு தடவை பூசை வைக்க வரும் சாமியார் பிரான்சு தேசத்துக்காரர். நெடுநெடுவென்று, தாடி வைத்து, புத்தகத்தில் அச்சடித்த மாதிரித் தமிழ் பேசுவார். அவரிடம் முறையிடலாம் என்று போனேன். கோபத்தில் முன்னும் பின்னும் சொல்லாமல், "சுவாமி, நீங்களே சொல்லுங்கள், செவ்வாயா, புதனா?" என்று கேட்டுவிட்டேன். அவர் மிகவும் சாந்தமாக, "மகளே, சுத்தபோசனம் வெள்ளிக்கிழமையில் அல்லவோ?" என்றார். மாமிசம் தின்னக் கூடாத நாளைக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். அதற்குப் பிறகு உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். கேட்டு முடித்ததும் அர்ச்சியசிஷ்டவர்களான புனிதர்கள் உத்தியோகஸ்தர்கள் அல்லர், சர்வேசுரன் ஒருவரே எல்லா மன்றாட்டையும் கேட்கிறவர், உயிரோடிருப்பவனுக்கும் இறந்தவனுக்கும் ஒரே செபம் போதும் என்று விளக்கினார். எனக்கு ஒன்றும் ஆறுதலாக இல்லை. அவருடைய தேசத்திலும் சண்டை நடக்கிறதே என்று நினைத்து, "உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமா, சுவாமி?" என்று கேட்டேன். அவர் தாடியைத் தடவினார். தம்பி ஒருவன் பட்டாளத்தில் இருந்தான், வெகு காலமாகச் செய்தியில்லை என்றார். "நீங்கள் யாரிடம் கேட்கிறீர்கள்?" என்றேன். வெட்கத்தோடு, "அந்தோணியாரிடம்" என்றார். நான் வீட்டுக்கு வந்து அத்தையிடம் சாமியாரே என் கட்சி என்று பெருமையடித்தேன். "அவரு ஆம்பள, பெத்தவரா?" என்றாள் அத்தை.

புரட்டாசி வெயிலில் ஒரு மத்தியானம் நாங்கள் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் ஆள் படலைத் தள்ளிக்கொண்டு வந்தார். நாற்பது வயதிருக்கும். ஒரு கால் சரியாக ஊன்றவில்லை. தாவீது என்று பேர் சொன்னார். ஒத்தக்கடைப் பக்கத்தவர், எங்கள் மில்லிலேயே கொதிகலனில் வேலை பார்த்தவர். பார்த்த முகமாகத்தான் இருந்தது. நடந்து வந்தவர், அசாமில் காய்ச்சலில் விழுந்து, எழுந்து, கல்கத்தாவில் கூலி வேலை செய்து இப்போதுதான் ஊர் வந்து சேர்ந்திருக்கிறார். வந்ததும் வராததுமாக எங்களைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். அவர் உட்காரவில்லை என்பதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைக்கத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

மணிப்பூர் மலைப்பாதையில் என் வீட்டுக்காரருக்குப் பேதி கண்டது என்றார். முன்னாலும் பின்னாலும் சனங்கள் விழுந்து கிடந்தார்கள், யாரும் யாருக்காகவும் நிற்கவில்லை என்றார். இவர் ஒரு மரத்தடியில் படுத்துவிட்டார். தாவீது நின்றுவிட்டார். "தண்ணி கேட்டாரு. இருந்துச்சு, குடுத்தேன். ஊருக்குப் போனா அம்மாகிட்டயும் வீட்டுக்காரிகிட்டயும் சொல்லுன்னாரு. என்னத்தச் சொல்லணும்னு கேட்டேன். அதுக்குள்ள பேச்சு நின்னுபோச்சு" என்றார். கல் பொறுக்கி மூடி, மூங்கில் குச்சியில் குருசு கட்டி நட்டுவிட்டு நடந்தாராம்.

அத்தை அழவில்லை. முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "உசுரு போறப்ப அவன் தனியா இல்லையே?" என்று கேட்டாள்.

"இல்லைங்கம்மா. என் மடியிலதான் தலை இருந்துச்சு."

"அப்ப எந்த அர்ச்சியசிஷ்டர வேண்டிக்கிட்டீக?"

தாவீது தயங்கினார். "நாங்க வேற சபைங்கம்மா. எங்களுக்கு அந்த வழக்கம் இல்ல. எனக்கு ஒண்ணும் தோணலை. சும்மா கையப் புடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அத்தை அவருடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. என்னைப் பற்றிக் கேட்காதீர்கள். சேசு மரி சூசையே என்று கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

சொந்தக்காரர்கள் வந்து, ஒப்பாரி வைத்து, போய், வீடு அடங்கியது. தாலியை நானே கழற்றிக் கொண்டுபோய் மாதா பாதத்தில் வைத்தேன். இனி செவ்வாயும் இல்லை, புதனும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்து, "வார செவ்வாக்கெழம அசனம் போடணும். அந்தோணியாருக்கு நேந்தது" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது! "எதுக்கு அசனம்? எதைக் கொண்டாந்து குடுத்ததுக்கு?" என்று கேட்டேன். "ரெண்டு வருஷமா மெழுகுவர்த்தி மெழுகுவர்த்தியா ஏத்தினேன். அதுக்கு இதுதான் பலனா? அவருக்கு ஒரு பருக்கை போட மாட்டேன்."

"தேடிக் குடுன்னு கேட்ட. தேடிக் குடுத்துட்டாரு. எங்கன இருக்கான்னு தெரிஞ்சுபோச்சு. உசுரோட குடுன்னு கேட்டியா?"

நான் கேட்கவில்லைதான். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? நான் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். அத்தை என் தலைக்கும் சுவருக்கும் நடுவில் தன் கையை வைத்தாள். "ஒங்கூட சண்ட போட வரலத்தா. எத்தன பேருக்கு இன்னும் சேதியே இல்ல? பாவம், ராவும் பகலும் வாசலப் பாத்துக்கிட்டு இருக்குதுக. நமக்கு அந்த மலையில போயி ஒரு மனுசனக் கண்டுபிடிச்சு, அந்தக் காலோட இம்புட்டுத் தூரம் நடத்திக் கூட்டியாந்திருக்காரு. பாக்கி வைக்கக் கூடாது" என்றாள். புதன்கிழமைக்காரி செவ்வாய்க்கிழமைக்காக என்னிடம் வாதாடுகிறாள். அவளோடு சண்டை போட்டு ஜெயிக்க எனக்குத் தெம்பில்லை. சரி என்றேன். நம்பிச் சரி சொல்லவில்லை, அவள் கை என் நெற்றியில் இருந்ததால் சொன்னேன்.

அரிசிக்குத்தான் பெரிய பாடு. பர்மா அரிசி நின்றுபோய் இங்கே எல்லா ஊரிலும் தட்டுப்பாடு. மூட்டை மூட்டையாக அரிசி ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவள் ஒரு அண்டா சோற்றுக்கு வீடு வீடாக நின்றேன். இங்கே உலை வைக்கும்போது கோவிலுக்கென்று ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவது வழக்கம். அந்தப் பிடி அரிசியை எல்லா வீட்டிலும் கொண்டுவந்து கொட்டினார்கள். பிறகு வேறொரு பிரச்சினை வந்தது. நேர்ச்சை அசனம் என்றால் கறி போட வேண்டும், துக்கச் சாப்பாடு என்றால் கறி ஆகாது. பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். கடைசியில் பருப்பும் கத்தரிக்காயும் என்று முடிவானது. கத்தரிக்காய் எந்தக் கட்சிக்கும் பொது என்று யாரோ சொல்ல, துக்க வீட்டில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததும் பதறிப்போய் அத்தையைப் பார்த்தேன். அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

தாவீதை ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தோம். வேறு சபைக்காரர் அந்தோணியார் அசனத்தில் உட்காருவாரோ மாட்டாரோ என்று எனக்குப் பயம். முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார். சாமியார் சோற்றை மந்திரித்து ஆசீர்வதித்துவிட்டுத் தள்ளி நின்று என்னைப் பார்த்தார். அவர் தம்பியைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. நான் அவருக்கும் ஓர் இலை போட்டேன். பர்மாவில் ஆள் தொலைத்த வீட்டார் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். எங்களுக்குச் செய்தி கிடைத்தது என்பதைக் கேள்விப்பட்டு வந்தவர்கள். அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு பெண் என் கையிலிருந்து சோற்றை வாங்கிக்கொண்டு, "நீ குடுத்து வச்சவ" என்றாள். அவள் கண்ணில் இருந்தது பொறாமை. அவளை அடித்துவிடலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று தெரியவில்லை. இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டேன்.

நவம்பர் மாதம் கல்லறைத் திருநாள் வந்தது. வைகைக் கரையை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் அவரவர் வீட்டுக் குழிமேட்டைச் செதுக்கிச் சுண்ணாம்படித்துப் பூ வைத்து மெழுகுவர்த்தி நடுவார்கள். என் கையில் மெழுகுவர்த்தி இருந்தது, நட இடமில்லை. என் அப்பாவும் அம்மாவும் ரங்கூன் கல்லறையில் இருக்கிறார்கள். இந்த வருஷம் அங்கே யார் புல் பிடுங்கியிருப்பார்கள்? இவர் இரண்டு தேசத்துக்கும் நடுவில் ஒரு மரத்தடியில் இருக்கிறார், அந்த மரத்துக்குப் பேர்கூடத் தாவீதுக்குத் தெரியவில்லை. நான் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு அத்தை கூப்பிட்டாள். மாமாவின் குழிமேட்டுக்குப் பக்கத்தில் வெறும் தரையைக் கையால் தட்டிக் காட்டினாள்.

"இது எனக்கு. ஒங்க மாமா போனப்பவே சொல்லி வச்சுட்டேன்" என்றாள். அதற்கு அடுத்த இடத்தில் நெருஞ்சி படர்ந்திருந்தது. குனிந்து அதைப் பிடுங்கிப் போட்டாள். "இது சவரிக்குன்னு வச்சிருந்தது. அவன்தான் வேற எங்கிட்டோ படுத்துட்டான். நீ எடுத்துக்க."

நான் பிறந்த ஊரில் ஜப்பான்காரன் இருக்கிறான். சண்டை முடிந்து கப்பல் விட்டால் திரும்பிப் போகலாமா என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததும் அத்தைக்குத் தெரியும். அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கால் எந்தப் பக்கம் வரும், அத்தை?" என்று கேட்டேன்.

"கெழக்க. உயிர்த்தெழும்புறப்ப கெழக்க பாத்து எந்திரிக்கணும்ல? எல்லாருக்கும் கெழக்கதான்."

கிழக்கே ஆற்றங்கரைத் தென்னைகளும், அதற்கப்பால் மதுரையும், அதற்கப்பால் கடலும் இருக்கின்றன. நான் நெருஞ்சி பிடுங்கிய இடத்தில் உட்கார்ந்து மெழுகுவர்த்தியை நட்டேன்.

"அப்பச் சரி, அத்தை" என்றேன்.